மாதம் அரை லிட்டர் கூலன்ட் எங்கே போகிறது?

கேள்வி: நான்கு கதவுள்ள டீசல் பிக்கப் ஒன்றை செகண்ட் ஹாண்டாக வாங்கியிருக்கிறேன். மேனுவல் கியர், 1,40,000 கி.மீ. ஓடியது. வாங்கும்போது டேங்க்கில் பச்சைக் கூலன்ட் இருந்தது. இப்போது பழுப்பாகத் தெரிகிறது. மாதம் அரை லிட்டர் போலக் குறைகிறது. முன்னால் வைத்திருந்தவர் குழாய்த் தண்ணீர்தான் ஊற்றிவந்தாராம், நானும் அதையே செய்கிறேன். லோடு ஏற்றிக்கொண்டு மேடு ஏறினால் டெம்பரேச்சர் முள் பாதியைத் தாண்டுகிறது. கடைக்காரர் பிங்க் கூலன்ட்தான் நல்லது என்கிறார், நண்பர் பச்சையே போதும் என்கிறார். மெக்கானிக்கோ தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டால் வண்டி சூடே ஆகாது என்கிறார். நான் எந்தக் கலர் ஊற்றுவது? தண்ணீர் கலந்தே வரும் ரெடிமிக்ஸ் நல்லதா, கலக்காத கான்சென்ட்ரேட் நல்லதா? எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்?

பதில்: கலரைப் பற்றித்தான் அதிகம் கேட்டிருக்கிறீர்கள். அதற்கும் வருகிறேன். ஆனால் உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது, மாதம் அரை லிட்டர் குறைகிறது என்று போகிற போக்கில் எழுதிய வரிதான். கூலன்ட் என்பது என்ஜினைக் குளிர்விக்கிற திரவம், எரிந்து தீர்கிற பொருள் இல்லை. மூடிய சுற்றுக்குள் அதே திரவம்தான் திரும்பத் திரும்ப ஓடுகிறது. நல்ல நிலையில் இருக்கும் வண்டியில் ஒரு வருடம் முழுக்கப் பார்த்தாலும் டேங்க்கின் அளவு விரற்கடை இறங்கினாலே அதிகம். உங்கள் வண்டியில் அது எங்கோ வெளியேறுகிறது. அந்த வழியைக் கண்டுபிடிக்காமல் என்ன கலர் வாங்கி ஊற்றினாலும், மாதா மாதம் மறுபடி குழாய்த் தண்ணீர்தான் உள்ளே சேரும்.

தேடலை ரேடியேட்டர் மூடியிலிருந்து தொடங்குங்கள். பல பேர் அதை வெறும் மூடி என்று நினைக்கிறார்கள். அதற்குள் ஸ்பிரிங் வைத்த இரண்டு வால்வுகள் இருக்கின்றன. ஒன்று, உள்ளே அழுத்தம் குறிப்பிட்ட அளவைத் தாண்டும்போது திறந்து கூலன்ட்டை ரிசர்வ் டேங்க்குக்கு அனுப்பும். மற்றொன்று, என்ஜின் ஆறும்போது அங்கிருந்து திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். மூடியின் மேல் 0.9 அல்லது 1.1 (பார் கணக்கில்) என்று, சிலவற்றில் 13 அல்லது 16 (பிஎஸ்ஐ கணக்கில்) என்று அச்சடித்திருக்கும். அதுதான் தாங்கும் அழுத்தம். இந்த அழுத்தத்துக்கு ஒரு காரணம் உண்டு. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் திறந்த பாத்திரத்தில் ஏறக்குறைய 107 டிகிரியில் கொதித்துவிடும். அதையே மூடி இறுக்கிப் பிடித்திருக்கும்போது 125 முதல் 130 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்தாலோ ஸ்பிரிங் தளர்ந்தாலோ இந்தப் பாதுகாப்பு அப்படியே போய்விடும். லோடோடு மேடு ஏறும்போது கொஞ்சம் கொஞ்சமாகக் கொதித்து, ரிசர்வ் டேங்க் நிரம்பி, வழிந்து, ரோட்டில் காய்ந்துவிடும். வண்டி நிறுத்திய இடத்தில் ஒரு சொட்டுகூட இருக்காது. உங்கள் இரண்டு தொல்லைகளுக்கும், அதாவது அளவு குறைவதற்கும் முள் ஏறுவதற்கும், இந்த மூடி ஒன்றே காரணமாக இருந்தால் எனக்கு ஆச்சரியமில்லை. பழையதில் என்ன எண் இருக்கிறதோ அதை மேனுவலோடு ஒப்பிட்டுவிட்டு, அதே எண்ணில் புதியது போடுங்கள். கூடுதல் எண் போட்டால் கூடுதல் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பழைய ஹோஸும், வண்டிக்குள் சூடான காற்று தரும் ஹீட்டர் கோரும் அதற்குப் பதில் சொல்லும்.

மூடி சரியாக இருந்தால் அடுத்தது பிரஷர் டெஸ்ட். எந்த நல்ல ஒர்க்‌ஷாப்பிலும் அதற்கான கைப்பம்ப் இருக்கும். என்ஜின் ஆறிய நிலையில் மூடிக்குப் பதிலாக அதை மாட்டி, மூடியில் எழுதிய அழுத்தத்துக்கு ஏற்றி, கால் மணி நேரம் விட வேண்டும். முள் இறங்காமல் நின்றால் வெளியே கசிவு இல்லை. இறங்கினால் டார்ச் எடுத்துக்கொண்டு கீழே குனிய வேண்டியதுதான். வாட்டர் பம்ப்பின் அடியில் ஒரு சிறு துளை இருக்கும். உள் சீல் தேயும்போது கூலன்ட் கசிவதைக் காட்டிக்கொடுக்கவே அந்தத் துளையை வைத்திருக்கிறார்கள். அதைச் சுற்றிக் காய்ந்த உப்புப் படிவம் தெரிந்தால் பம்ப்புக்கு நாள் நெருங்கிவிட்டது. ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியும் அலுமினியமும் சேரும் விளிம்பு, ஹோஸ் கிளாம்புகளின் அடி, முன் சீட்டுக்கு முன்னால் கார்பெட் ஈரமாக இருக்கிறதா என்பது, எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். கார்பெட் ஈரமும், கண்ணாடியில் துடைக்கத் துடைக்கப் படியும் எண்ணெய்ப் பசை போன்ற ஆவியும் சேர்ந்து வந்தால் ஹீட்டர் கோர் ஓட்டை.

வெளியே ஒன்றும் இல்லை, ஆனாலும் குறைகிறது என்றால் உள்ளே போகிறது என்று அர்த்தம். டீசல் பிக்கப்பில் இதற்கு இரண்டு வழிகள். ஒன்று ஹெட் கேஸ்கெட், அதாவது சிலிண்டர் ஹெட்டுக்கும் என்ஜின் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் சீல். காலையில் ஆறிய என்ஜினை ஸ்டார்ட் செய்த ஒரு நிமிடத்துக்குள் மேல் ஹோஸ் கல் மாதிரி இறுகினால் சந்தேகப்படுங்கள். கூலன்ட்டுக்கு அந்த நேரத்தில் விரிவதற்கான சூடு வந்திருக்காது. சிலிண்டரின் வாயுதான் உள்ளே நுழைகிறது. இதை உறுதிசெய்ய ஒரு நீலத் திரவம் வைத்த குழாயை ரேடியேட்டர் வாயில் பிடித்துச் சோதிப்பார்கள். எரிந்த வாயு வந்தால் நீலம் மஞ்சளை நோக்கி மாறும். இரண்டாவது வழி இஜிஆர் கூலர். புகைபோக்கிக்குப் போகவேண்டிய வாயுவில் ஒரு பகுதியைக் குளிர்வித்துத் திரும்ப என்ஜினுக்குள் அனுப்புகிற சின்ன உறுப்பு அது. ஒருபக்கம் பல நூறு டிகிரிச் சூட்டில் வாயு, மறுபக்கம் கூலன்ட். உள்ளே விரிசல் விட்டால் கூலன்ட் நேராக என்ஜினுக்குள் போய் வெள்ளை ஆவியாக, லேசான இனிப்பு வாசனையோடு பின்னால் வெளியேறும். ஃபோர்டின் 6.0 லிட்டர் பவர்ஸ்ட்ரோக் டீசலை 2003 முதல் 2007 வரை பெரிய பிக்கப்புகளில் போட்டார்கள். அதில் ஆயில் கூலரின் நுண்ணிய வழிகள் கசடால் அடைபட்டு, அதற்கு அடுத்து இருக்கும் இஜிஆர் கூலருக்குக் கூலன்ட் போதாமல், அது வெடித்துப்போவது ஊரறிந்த கதை. கூலன்ட் பராமரிப்பு என்பது ரேடியேட்டரோடு முடிவதில்லை என்பதற்கு அந்த என்ஜினைவிட நல்ல பாடம் இல்லை.

உங்களுடையது மேனுவல் கியர் என்பதால் இன்னொரு பயம் இல்லை. ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பல வண்டிகளில் கியர் ஆயிலைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டர் தொட்டிக்குள்ளேயே இருக்கும். அது உள்ளே உடைந்தால் கூலன்ட்டும் கியர் ஆயிலும் கலந்து கியர்பாக்ஸே போய்விடும். 2005 முதல் 2010 வரை வந்த நிஸான் ஃப்ரன்டியர் வண்டிகளில் இது நிறையப் பேரைப் பிடித்தது. டேங்க்கில் ரோஜா நிறத்தில் கெட்டியான நுரை தெரிந்தால் வண்டியை அங்கேயே நிறுத்தி இழுத்துக்கொண்டு போவதுதான் மிச்சம்.

ஓட்டையை அடைக்க ரேடியேட்டரில் கொட்டும் பவுடரும் திரவமும் கடையில் தொங்கும். உங்கள் வண்டிக்கு வேண்டாம். அது ஓட்டையை மட்டும் தேடிப்பிடித்து அடைக்காது. ஹீட்டர் கோர், ஆயில் கூலர் என்று எங்கெல்லாம் வழி குறுகலோ அங்கெல்லாம் தங்கும்.

சரி, கசிவு கண்டுபிடித்துச் சரிசெய்தாயிற்று என்று வைத்துக்கொள்வோம். இப்போது கலர்.

கலர் என்பது சாயம். தயாரிப்பவர் விரும்பியதைச் சேர்க்கிறார். எந்தச் சாயம் எந்த வகைக்கு என்று உலகத்துக்கெல்லாம் பொதுவான விதி கிடையாது. ஜெனரல் மோட்டார்ஸ் 1990-களின் நடுவில் கொண்டுவந்த டெக்ஸ்கூல் ஆரஞ்சு. டொயோட்டாவின் நீண்ட ஆயுள் கூலன்ட் பிங்க். ஹோண்டா நீலம். பிஎம்டபிள்யூவும் பல காலம் நீலம், ஆனால் அதன் உள் சரக்கு ஹோண்டாவுடையது இல்லை. இப்படி இருக்கும்போது பிங்க் நல்லதா, பச்சை நல்லதா என்ற கேள்விக்குக் கடைக்காரர் மட்டுமில்லை, நானும் பதில் சொல்ல முடியாது.

ஏறக்குறைய எல்லா டப்பாவிலும் அடிப்படை ஒன்றேதான்: எத்திலீன் கிளைகால். அதோடு துருவையும் அரிப்பையும் தடுக்கும் மருந்து சில சதவீதம். வித்தியாசமெல்லாம் அந்தச் சில சதவீதத்தில்தான் இருக்கிறது. பழைய பச்சை வகைகளில் சிலிகேட், பாஸ்பேட் போன்ற கனிம உப்புகள். அவை உள்ளே இருக்கும் உலோகம் முழுவதிலும் மெல்லிய படலமாகப் பூசிக்கொள்ளும். வேகமாக வேலை செய்யும், வேகமாகவே தீர்ந்தும் போகும். அதனால்தான் இரண்டு வருடம் அல்லது 50,000 கி.மீ. என்ற கணக்கு வந்தது. அடுத்து வந்தவை கரிம அமில வகை. இவை எங்கே அரிப்பு தொடங்குகிறதோ அங்கே மட்டும் போய் ஒட்டும். மருந்து செலவாவது குறைவு, ஆகவே ஐந்து வருடம், 2,40,000 கி.மீ. என்றெல்லாம் டப்பாவில் எழுத முடிகிறது. மூன்றாவது, இரண்டையும் கலந்த ஹைபிரிட். இதிலும் இரண்டு பாதை. தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம் இருக்கும் ஐரோப்பாவில், பாஸ்பேட் அதோடு சேர்ந்து படிவமாகிவிடும் என்று சிலிகேட் வழியில் போனார்கள். ஜப்பானியத் தயாரிப்பாளர்கள் சிலிகேட் துகள்கள் வாட்டர் பம்ப் சீலைத் தேய்க்கும் என்று அதை விலக்கி, பாஸ்பேட்டோடு கரிம அமிலத்தைச் சேர்த்தார்கள். ஒரே பிங்க் நிறத்தில் இந்த இரண்டு பாதையின் சரக்கும் கிடைக்கிறது.

அதனால் மேனுவலில் கூலன்ட் பக்கத்தைத் திறந்து, அங்கே கொடுத்திருக்கும் குறியீட்டு எண்ணையோ வகையின் பெயரையோ எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். டப்பாவின் பின்பக்கத்தில் அதே எண் இருக்க வேண்டும். எல்லா வண்டிக்கும் ஏற்றது என்று முன்பக்கத்தில் பெரிதாக எழுதியிருப்பது விளம்பரம். பின்பக்கத்துப் பொடி எழுத்துதான் உங்களுக்கு. அங்கே ஏஎஸ்டிஎம் டி3306 என்ற அமெரிக்கத் தர எண் இருந்தால் கார், சிறு வண்டிகளுக்கான அடிப்படைத் தரம். டி6210 என்பது கனரக டீசலுக்கானது. ஜேஐஎஸ் கே2234 ஜப்பானியத் தரம். இவை இருந்தால் மட்டும் உங்கள் வண்டிக்குப் பொருந்திவிடும் என்று இல்லை, ஆனால் எந்தத் தரமும் எழுதாத டப்பாவை வாங்கவே வாங்காதீர்கள்.

டீசல் என்பதால் இன்னொன்று. டீசல் என்ஜினில் சிலிண்டர் சுவர் ஒவ்வொரு எரிப்புக்கும் அதிரும். அந்த அதிர்வில் சுவரின் வெளிப்பக்கம் கூலன்ட்டில் நுண்ணிய குமிழ்கள் தோன்றி உடையும். உடையும் இடத்தில் இரும்பைக் குத்திக் குழியாக்கி, காலப்போக்கில் ஓட்டையே போட்டுவிடும். லாரி என்ஜின்களில், லைனர் என்னும் சிலிண்டரின் உள் உறை நேரடியாகக் கூலன்ட்டில் நனையும் வகையில், இது பெரிய பிரச்சினை. அதற்காகவே நைட்ரைட் கலந்த கூலன்ட்டும், தனியாகச் சேர்க்கும் மருந்தும், அளவு பார்க்கும் காகிதப் பட்டையும் வந்தன. இன்றைய சிறிய பிக்கப் டீசல்களில் பெரும்பாலானவற்றுக்கு நனையும் லைனர் கிடையாது, மேனுவல் சொல்லும் கூலன்ட்டே போதும். லாரிக்காரர் ஊற்றுகிறாரே என்று நைட்ரைட் மருந்தை வாங்கி உங்கள் அலுமினிய ரேடியேட்டரில் ஊற்ற வேண்டாம்.

உங்கள் வண்டியில் இப்போது என்ன வகை இருக்கிறது என்று யோசித்து அதற்குப் பொருத்தம் தேடாதீர்கள். வரலாறு தெரியாத கூலன்ட், அதுவும் பழுப்பேறியது. பழுப்பு என்றால் துருத் தடுப்பு மருந்து தீர்ந்து, உள்ளே இரும்பு கரைய ஆரம்பித்துவிட்டது. குழாய்த் தண்ணீரின் கால்சியமும் மக்னீசியமும், வெந்நீர்ப் பாத்திரத்தின் அடியில் படிகிற வெள்ளை உப்பைப் போலவே, சிலிண்டர் ஹெட்டின் மிகச் சூடான இடங்களில் படியும். படிந்த இடத்தில் சூடு உலோகத்திலிருந்து கூலன்ட்டுக்கு இறங்காது. குளோரைடு இன்னும் மோசம், அலுமினியத்தைப் பொத்தல் போடும். ஆகவே முழுவதையும் இறக்கிக் கழுவிப் புதிதாகத் தொடங்குவதுதான் வழி.

கழுவுவதில் பெரும்பாலானவர்கள் கோட்டைவிடுவது ஒரே இடத்தில்தான். ரேடியேட்டரின் அடியில் இருக்கும் டிரெயின் பிளக்கைத் திறந்தால் முழுவதும் வந்துவிடும் என்று நினைக்கிறார்கள். வராது. என்ஜின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் கணிசமாகத் தங்கிவிடும். சில என்ஜின்களில் பிளாக்கிலேயே தனி டிரெயின் போல்ட் உண்டு, அதையும் திறக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இறக்கி, சுத்தமான தண்ணீர் ஊற்றி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, தெர்மோஸ்டாட் திறக்கும்வரை என்ஜினை ஓட்டி, ஆறவிட்டு மறுபடி இறக்க வேண்டும். வருகிற தண்ணீர் தெளியும்வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். கடைசிச் சுற்றுக்குக் காய்ச்சி வடித்த தண்ணீர். பேட்டரிக்கு ஊற்ற விற்கும் தண்ணீரே போதும், ஆசிட் கலந்ததை எடுத்துவிடாதீர்கள்.

இப்போது ரெடிமிக்ஸா, கான்சென்ட்ரேட்டா என்ற உங்கள் கேள்விக்கு வரலாம். கணக்குப் போட்டுப் பாருங்கள். மொத்தக் கொள்ளளவு 10 லிட்டர் என்று மேனுவல் சொல்கிறது. கழுவி இறக்கியபின் வெளியே வந்தது 6 லிட்டர். அப்படியானால் உள்ளே 4 லிட்டர் வெறும் தண்ணீர் நிற்கிறது. இதன் மேல் பாதிக்குப் பாதி கலந்த ரெடிமிக்ஸை 6 லிட்டர் ஊற்றினால் கிளைகால் 3 லிட்டர்தான், அதாவது 30 சதவீதம். மருந்தும் அதே விகிதத்தில் நீர்த்துவிடும். கழுவிய வண்டிக்குக் கான்சென்ட்ரேட்தான் சரி: 5 லிட்டர் கான்சென்ட்ரேட், 1 லிட்டர் வடித்த தண்ணீர். மொத்தம் பாதிக்குப் பாதி. பிற்பாடு அளவு சேர்ப்பதற்கு அதே வகை ரெடிமிக்ஸ் ஒரு டப்பா வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள். இறக்கியதை வாளியில் பிடித்து அளந்தால்தான் இந்தக் கணக்கு வரும். கண்ணால் பார்த்து இவ்வளவு இருக்கும் என்று சொல்கிற ஒர்க்‌ஷாப்பில் நான் கூலன்ட் மாற்ற மாட்டேன்.

தண்ணீர் கலக்காமல் கான்சென்ட்ரேட்டையே முழுக்க ஊற்றினால் இன்னும் நல்லதுதானே என்று கேட்பவர்கள் உண்டு. இல்லை. சூட்டை ஏந்திப் போவதில் தண்ணீருக்கு ஈடு கிடையாது. பாதிக்குப் பாதி கலவையே அதே எடைத் தண்ணீரைவிடப் பத்து முதல் இருபது சதவீதம் குறைவாகத்தான் சூட்டைத் தாங்கிப் போகிறது. உறைவதிலும் ஒரு வேடிக்கை இருக்கிறது. வெறும் எத்திலீன் கிளைகால் மைனஸ் 13 டிகிரி வாக்கில் உறையும், பாதி தண்ணீர் கலந்தால் மைனஸ் 37 வரை உறையாது. ரோல்ஸ்ராய்ஸின் மெர்லின் விமான என்ஜின் தொடக்கத்தில் வெறும் கிளைகாலில்தான் ஓடியது. பிறகு அழுத்தம் கொடுத்த சுற்றில் 70 சதவீதம் தண்ணீர், 30 சதவீதம் கிளைகால் என்று மாற்றிக்கொண்டார்கள். உங்கள் பகுதியில் பனியே விழாது என்றாலும் மூன்றில் ஒரு பங்குக்குக் கீழே கிளைகால் போகக்கூடாது, ஏனென்றால் துருத் தடுப்பு மருந்து அதோடுதான் வருகிறது. 60 சதவீதத்துக்கு மேலேயும் வேண்டாம்.

ஊற்றிய பிறகு ஏர் எடுப்பது தனி வேலை. உள்ளே காற்று தங்கினால் அந்த இடம் பெரும்பாலும் சிலிண்டர் ஹெட்டாக இருக்கும், அங்கே ஆவிதான் நிற்கும். முன்சக்கரம் சற்று உயர்ந்திருக்க வண்டியை நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, ஏர் விடும் ஸ்க்ரூ இருந்தால் திறந்து, மெதுவாக ஊற்ற வேண்டும். மூடியில்லாமல் ஐடிலில் ஓடவிட்டு மேல் ஹோஸை அழுத்தி அழுத்தி விட்டால் குமிழ்கள் வரும். ஹீட்டரில் சூடான காற்று நிலையாக வந்தால் பெரும்பாலும் வேலை முடிந்தது. வெற்றிடம் உண்டாக்கி நிரப்பும் கருவி ஒர்க்‌ஷாப்பில் இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. எப்படி நிரப்பினாலும் அடுத்த சில நாட்கள் காலையில் ஆறிய வண்டியில் அளவைப் பாருங்கள். ஒருமுறை இறங்கும், சேர்த்தால் நின்றுவிடும். நிற்காமல் இறங்கிக்கொண்டே போனால் மேலே சொன்ன தேடலுக்குத் திரும்ப வேண்டியதுதான்.

அப்புறம் தெர்மோஸ்டாட். உங்கள் மெக்கானிக் சொன்னதை நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன், ஒவ்வொரு முறையும் எரிச்சல்தான் வருகிறது. தெர்மோஸ்டாட்டுக்குள் ஒரு மெழுகு உருண்டை இருக்கிறது. 82 டிகிரி போல ஆனதும் அது உருகி விரிந்து ரேடியேட்டருக்கு வழி திறக்கும், அதிலிருந்து பத்துப் பதினைந்து டிகிரிக்குள் முழுதாகத் திறந்துவிடும். பல என்ஜின்களில் அதே உறுப்பின் அடிப்பக்கம் இன்னொரு வேலையும் செய்கிறது: ரேடியேட்டருக்குப் போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றும் குறுக்குவழியை மூடுகிறது. அதைக் கழற்றி எறிந்தால் குறுக்குவழி எப்போதும் திறந்தே கிடக்கும். சூடான கூலன்ட்டில் ஒரு பகுதி ரேடியேட்டரை எட்டிப் பார்க்காமலே திரும்பிவிடும். லோடில் மேடு ஏறும்போது முன்பைவிட அதிகம் சூடாகும், சமதரையில் போகும்போதோ என்ஜின் சூடே ஏறாமல் கிடக்கும். சூடேறாத டீசல் என்ஜின் எரிபொருளை அதிகம் குடிக்கும், கரி கக்கும், புகை வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்ளும் வேலையையும் தொடங்காது. கம்ப்யூட்டரில் பி0128 என்ற கோளாறு எண் வருவதும் இதனால்தான். தெர்மோஸ்டாட் மேல் சந்தேகம் என்றால் கழற்றித் தண்ணீரில் போட்டுத் தெர்மாமீட்டரோடு சூடாக்கிப் பாருங்கள். அதன் மேல் அச்சடித்த டிகிரியில் திறக்காவிட்டால் புதிது போடுங்கள். 1,40,000 கி.மீ. ஓடிய வண்டி, கூலன்ட்டையும் இறக்குகிறீர்கள், சோதிக்காமலே புதிது போட்டாலும் தவறில்லை.

மேட்டில் முள் ஏறுவதற்குக் கூலன்ட்டுக்குச் சம்பந்தமில்லாத காரணங்களும் உண்டு. பிக்கப்பில் ரேடியேட்டருக்கு முன்னால் ஏசி கண்டென்சர், பல வண்டிகளில் இன்டர்கூலர் என்று அடுக்காக நிற்கும். மண் பாதையில் ஓடிய வண்டிக்கு அவற்றின் இடையில் சேறும் புல்லும் பூச்சியும் அடைந்து, முன்பக்கம் பார்க்கச் சுத்தமாக இருந்தாலும் உள்ளே காற்று போகாது. என்ஜின் பக்கத்திலிருந்து வெளிப்பக்கமாக மிதமான வேகத்தில் தண்ணீர் அடிக்க வேண்டும். பிரஷர் கன்னைக் கிட்டே பிடித்தால் தகடுகள் மடங்கிவிடும். பெல்ட்டில் ஓடும் ஃபேனாக இருந்தால் நடுவில் இருக்கும் விஸ்கஸ் கிளட்ச் சூட்டில் பிடிக்கிறதா என்று பாருங்கள். என்ஜின் சூடாக இருந்தும், அணைத்திருக்கும்போது கையால் தள்ளினால் தடையே இல்லாமல் சுற்றினால் அது ஓய்ந்துவிட்டது. முன்னால் பெரிய இரும்பு பம்பரும் விளக்கு வரிசையும் மாட்டியிருந்தால் அவையும் காற்றை மறிக்கும். இன்னொரு விஷயம், அந்தக் கூடுதல் விளக்குகளின் எர்த் சரியில்லாவிட்டால் மின்சாரம் கூலன்ட் வழியாகப் பாய்ந்து ரேடியேட்டரை அரிக்கும். எல்லாவற்றையும் எரியவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை ரேடியேட்டர் வாயில் கூலன்ட்டிலும் வைத்தால் 0.3 வோல்ட்டைத் தாண்டக்கூடாது.

முள்ளையும் முழுக்க நம்பாதீர்கள். இப்போதைய வண்டிகளில் பல டிகிரி மாறினாலும் நடுவிலேயே நிற்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். அது பாதியைத் தாண்டுகிறது என்றால் என்ஜின் ஏற்கெனவே நன்றாகச் சூடாகிவிட்டது. வண்டியின் கம்ப்யூட்டர் தகவலைப் படிக்க வைத்திருக்கும் ஓபிடி துளையில் மாட்டும் சின்னக் கருவி ஒன்று வாங்கினால் உண்மையான டிகிரி கைபேசியில் தெரியும். ஏற்றத்தில் பெரிய கியரில் என்ஜினைத் திணறவிடாமல் ஒரு கியர் இறக்குங்கள். பம்ப்பும் ஃபேனும் வேகமாகச் சுற்றும். ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுச் சூட்டில் போட்டால் அதுவும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான். அப்படியும் ஏறினால் ஓரமாக நிறுத்துங்கள். மூடியைத் தொட வேண்டாம். 110 டிகிரியில் அழுத்தத்தில் இருப்பது, மூடி தளர்ந்த நொடியில் கொதித்து முகத்தில் பாயும். மேல் ஹோஸ் கைக்கு மெத்தென்று ஆகும்வரை காத்திருங்கள். சுடுகிற என்ஜினில் குளிர்ந்த தண்ணீரை ஊற்றினால் ஹெட் வெடிக்கும். வழியில் வேறு வகைக் கூலன்ட்தான் கிடைக்கிறது என்றால், அதைவிட நல்ல தண்ணீர் ஒரு லிட்டர் ஊற்றி வீடு வந்து சேருவது மேல். வகைகள் கலந்தால் சில சேர்க்கைகளில் கசடு திரளும், திரளாவிட்டாலும் நீண்ட ஆயுள் என்ற பேச்சு போய்விடும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதற்கும் மேனுவல்தான் பதில். டொயோட்டாவின் பல மாடல்களில் முதல் முறை 1,60,000 கி.மீ., அதன்பின் 80,000-க்கு ஒருமுறை. இரண்டாவது இடைவெளி பாதியாக இருப்பதைக் கவனியுங்கள். மாற்றும்போது பழையது கொஞ்சம் உள்ளே தங்கத்தான் செய்யும். உங்கள் வண்டி துருப்பிடித்து மீண்டது, ஆகவே டப்பாவில் என்ன எழுதியிருந்தாலும் இந்த முதல் சுற்றை இரண்டு வருடத்தில் மாற்றிவிடுங்கள். நடுவில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு வைத்துச் செறிவைப் பார்த்தால் போதும். அது மருந்தின் அளவைக் காட்டாது, கிளைகாலை மட்டும்தான் காட்டும்.

இறக்கிய கூலன்ட்டைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதீர்கள். எத்திலீன் கிளைகால் இனிக்கும், அதுதான் ஆபத்து. வளர்ந்த ஆளுக்கே சுமார் 100 மில்லி உயிரை எடுக்கலாம். நாய், பூனைக்கு நக்கினாலே போதும். உடம்புக்குள் போனபின் அது ஆக்சாலிக் அமிலமாக மாறிச் சிறுநீரகத்தில் படிகமாகப் படியும். முதலில் குடித்த மாதிரித் தள்ளாட்டம் மட்டும் தெரிவதால் சரியாகிவிடும் என்று ஏமாந்துவிடுவார்கள். யாராவது விழுங்கிவிட்டால் டப்பாவையும் கையில் எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மாற்று மருந்து உண்டு, சீக்கிரம் கொடுத்தால்தான் பலன். தண்ணீர் பாட்டிலில் மட்டும் கூலன்ட்டை ஊற்றி வைக்காதீர்கள். பழையதை மூடியுள்ள கேனில் அடைத்து, கழிவு எண்ணெய் வாங்கிக்கொள்ளும் இடத்தில் கூலன்ட் எடுப்பார்களா என்று கேட்டுக் கொடுங்கள், எண்ணெயோடு கலக்காமல்.

முதல் வேலையாக மூடியை மாற்றிவிட்டுப் பிரஷர் டெஸ்ட் செய்யுங்கள். அதன் முடிவையும், வண்டியின் மாடலையும் வருடத்தையும், மேனுவலில் கூலன்ட்டுக்குக் கொடுத்திருக்கும் எண்ணையும் எழுதி அனுப்புங்கள். ஹெட் கேஸ்கெட் என்று வந்தால், ஹெட்டை இறக்குவதற்கு முன் ஒர்க்‌ஷாப்பில் என்னென்ன கேட்க வேண்டும் என்று தனியாக எழுதுகிறேன்.